கல்பெஞ்சில் உட்காராத இரட்டையர்

வாம்மா, வா. பாத்துக் கால வை, கடைசிப் படி வழுக்கும். நாலு ஆறு தாண்டி வந்திருப்பே, காலெல்லாம் ஓஞ்சிருக்கும். உக்காரு. அட, உக்காரும்மா. எதுக்கு அந்தக் கல்பெஞ்சை அப்படி முறைச்சுப் பாக்குறே? கடிக்காது. மேல ஊர்ல யாராவது சொல்லி அனுப்பியிருப்பாங்க, "செத்து ஷிபால்பாவுக்குப் போனா எங்க வேணா உக்காரு, அந்தக் கல்பெஞ்சுல மட்டும் உக்காந்துடாதே"ன்னு. சொல்லட்டும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நின்னுக்கிட்டே கேக்குறியா? சரி, உன் இஷ்டம். கேட்டு முடிச்சுட்டு உக்காரு.

இந்தக் கல்பெஞ்சுக்கு நான்தான் பொறுப்பு. எத்தனை வருசம்னு கேக்காதே, இங்க வருசம் எண்ண ஆள் கிடையாது. விறகு கொண்டாறது நான், அடியில தீ மூட்டுறது நான், கல்லு எப்பப் பதம்னு எச்சில் தொட்டுப் பாக்குறது நான். உஸ்ஸுன்னு ஒரே சத்தத்துல எச்சில் காஞ்சிடணும். ரெண்டு உஸ்ஸுன்னா இன்னும் பதம் வரலேன்னு அர்த்தம். இதெல்லாம் யாரும் சொல்லித்தந்தது இல்ல, நானாக் கண்டுபிடிச்சது.

எங்க ஊரைப் பத்தித் தப்பா நினைச்சுக்காதே தாயி. செத்தவங்க ஊருன்னா அழுமூஞ்சி ஊருன்னு மேல நினைக்கிறீங்க. கிடையவே கிடையாது. எங்க பெரியவங்களுக்கு வேடிக்கைன்னா உசிரு. எல்லாருக்கும் மேல ஒருத்தர், பேரு ஒண்ணாஞ்சாவு. அவருக்கு அடுத்தவர் ஏழாஞ்சாவு. நடுவுல இருக்க வேண்டிய அஞ்சு பேரு எங்கேன்னு கேக்காதே, நானும் கேட்டதில்ல. இவங்களுக்குக் கீழ பத்துப் பேரு. ஒருத்தருக்குக் காமாலை குடுக்குற வேலை, ஒருத்தருக்கு நடுவழியில ஆளை விழ வைக்கிற வேலை. ஆளுக்கொரு துறை. பகலெல்லாம் உழைக்கிறவங்க, பொழுது சாஞ்சா கொஞ்சம் சிரிக்க வேணாமா?

அதுக்குத்தான் எங்க வழக்கம். விருந்தாளி யாராவது வந்தா, முன்வரிசையில ரெண்டு மரப்பொம்மையை உக்கார வச்சிருப்போம். பட்டுப்போல சிறகு கட்டி, காதுல பச்சைக்கல்லு மாட்டி. வந்தவன் விழுந்து கும்பிடுவான், "பெரியவரே வணக்கம்"னு. பொம்மை பதில் சொல்லுமா? திரும்பவும் கும்பிடுவான். நாங்க பின்னாடி வாயைப் பொத்திக்கிட்டு நிப்போம். அப்புறம் நான் முன்னாடி வருவேன். "அடடா, களைச்சு வந்திருக்கீங்களே, உக்காருங்க"ம்பேன். உக்காருவான். அவ்வளவுதான். அவன் துள்ளுற துள்ளு இருக்கே! பெரியவங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க. எலும்பெல்லாம் வலிக்குதுன்னு ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பாங்க. அந்தச் சிரிப்புச் சத்தத்துல எனக்கும் ஒரு பங்கு உண்டு.

ஒருத்தரும் தப்பினது இல்ல. ஒருத்தரும்! அந்த ரெண்டு பசங்க வர்ற வரைக்கும்.

முதல்ல அவங்க அப்பன் வந்தான். அப்பனும் சித்தப்பனும். மேல அவங்க ஊர்ல பந்தாட்டக்காரங்க. ரப்பர் பந்தை இடுப்பால அடிச்சு விளையாடுறது உனக்குத் தெரிஞ்சிருக்கும். அவங்க ஆடுற களம் சரியா எங்க தலைக்கு மேல. தொம்மு தொம்முன்னு விழுந்தா எங்க கூரையிலேருந்து மண்ணு உதிரும். ஒண்ணாஞ்சாவோட கஞ்சியில மண்ணு விழுந்துடுச்சு ஒரு நாள். ஆந்தையை அனுப்பி, "இங்க வந்து எங்களோட ஆடுங்கடா பாப்போம்"னு கூப்பிட்டாங்க. வந்தாங்க. பொம்மையைக் கும்பிட்டாங்க. கல்பெஞ்சுல உக்காந்தாங்க. அப்பன்காரன் அதோ அந்த இடது ஓரம், சித்தப்பன் நடுவுல. அன்னிக்கு மாதிரி நான் கல்லைக் காய்ச்சினதே இல்ல. சித்தப்பன் கத்தினான். அப்பன் கத்தக்கூட இல்ல, எந்திரிச்சு நின்னு எங்களை ஒவ்வொருத்தரா பாத்தான். ஏன் சிரிக்கிறாங்கன்னு புரியாத முழி.

அடுத்த நாள் ரெண்டு பேரையும் கொன்னு களத்துலயே புதைச்சாங்க. அது என் துறை இல்லம்மா. நான் கல்லைக் காய்ச்சுறவன், அவ்வளவுதான். கழுத்துக்கு வேற ஆளு.

அந்த அப்பனுக்கு மேல ஊர்ல ரெண்டு ஆம்பளைப் பசங்க. இரட்டை. மூத்தவன் ஹுனாப்பூ, இளையவன் இஷ்பலாங்கே. நான் மூத்தவன் இளையவன்னே சொல்றேன். அவங்களும் வளந்து, அப்பன் பந்தைத் தேடி எடுத்து, அதே களத்துல இறங்கி ஆட ஆரம்பிச்சாங்க. திரும்பவும் தொம்மு தொம்மு. திரும்பவும் கஞ்சியில மண்ணு. ஒண்ணாஞ்சாவு சட்டியை ஒதுக்கி வச்சுட்டு ஆந்தையைக் கூப்பிட்டார்.

அவங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு கொசு வந்துச்சும்மா. கொசு வர்றது எங்க ஊர்ல அதிசயம் இல்ல. ஆனா இது ஒழுங்கா வரிசையா வந்துச்சு. முதல் பொம்மையைக் கடிச்சுது. சத்தமில்ல. ரெண்டாவதைக் கடிச்சுது. சத்தமில்ல. மூணாவதா ஒண்ணாஞ்சாவைக் கடிச்சுது. "ஆ!"ன்னார். பக்கத்துல இருந்தவர், "என்ன ஒண்ணாஞ்சாவு, என்னாச்சு?"ன்னார். அவரையும் கடிச்சுது. "ஆ!" "என்ன ஏழாஞ்சாவு?" இப்படியே பன்னெண்டு பேரும். ஆளாளுக்கு அடுத்தவன் பேரை ஒப்பிச்சு முடிச்சாங்க. கொசு போயிடுச்சு.

என்னை மட்டும் கடிக்கல.

சிரிக்காதே. நானும் கையை நீட்டிக்கிட்டுத்தான் நின்னேன். பன்னெண்டாவது ஆளுக்குப் பக்கத்துலதானே நிக்கிறேன்? ஒரு பேச்சுக்காவது ஒரு கடி கடிச்சுட்டுப் போயிருக்கலாம். கடிச்சிருந்தாலும் என் பேரைச் சொல்றதுக்கு எனக்குப் பக்கத்துல ஆளு இல்ல, அது வேற விசயம். என் பேரும் இங்க யாருக்கும் தெரியாது. "அடே கல்லு"ன்னுதான் கூப்பிடுவாங்க.

அப்புறம்தான் பசங்க வந்தாங்க. நேரா வந்தாங்க. பொம்மையைப் பாத்தாங்க, "இது மரம்"னு சொல்லிட்டு நகந்துட்டாங்க. அடுத்து ஒவ்வொருத்தர் முன்னாடியும் நின்னு, "ஒண்ணாஞ்சாவு ஐயா, வணக்கம். ஏழாஞ்சாவு ஐயா, வணக்கம்"னு பன்னெண்டு பேரையும் பேர் சொல்லிக் கும்பிட்டாங்க. பெரியவங்க முகத்துல ஈயாடல. எங்க ஊர்ல பேரை ஒளிச்சு வச்சுத்தான் பொழைப்பே. பேரு தெரிஞ்சுட்டா பயம் போயிடும்ல. அந்தக் கொசு அவங்க அனுப்பின கொசுன்னு எனக்கு அப்ப தெரியாது. இதெல்லாம் நியாயமா சொல்லு? நாங்க பொம்மை வச்சது ஒரு தமாசுக்கு. இவனுங்க கொசு விட்டது பச்சை மோசடி.

நான் விடலையே. முன்னாடி வந்தேன். ஒரே உஸ்ஸுல காய்ஞ்ச கல்லு, பதமா இருக்கு. "தம்பிகளா, களைச்சு வந்திருக்கீங்க, உக்காருங்க"ன்னேன்.

இளையவன் கல்லைப் பாக்கல. என்னைப் பாத்தான். என் காலைப் பாத்தான். "இது உக்கார்ற கல்லு இல்ல, வேகுற கல்லு"ன்னான். "நாங்க நிக்கிறோம்"னுட்டான்.

ஒரு துளி சிரிப்பு இல்ல அன்னிக்கு. சபையே செத்துப்போன மாதிரி ஆயிடுச்சு. ஒண்ணாஞ்சாவு மெதுவா என் பக்கம் திரும்பினார். "கல்லு, இவனுங்க இந்த ஊரை விட்டுப் போறதுக்குள்ள, உசிரோடவோ பொணமாவோ, ஒரு தடவை அதுல உக்காந்து துள்ளணும். துள்ளலேன்னா உன்னை அதுல உக்கார வைப்பேன். ஏதோ ஒரு துள்ளு நான் பாத்தாகணும்"னார்.

அம்மா, நான் ஆயிரம் பேரை உக்கார வச்சவன். ஆனா நான் உக்காந்ததே கிடையாது. காயும்போது உக்காந்தா வெந்துடுவேன். காயாத நேரமே கிடையாது. எப்பவும் நின்னுக்கிட்டேதான். அன்னிக்கு முதல் முதலா அந்தக் கல்லைப் பாத்து நானே ரெண்டு அடி பின்னாடி போனேன்.

அப்ப ஆரம்பிச்சுது என் பாடு. முதல் ராத்திரி அவங்களை இருட்டு வீட்டுல அடைச்சாங்க. ஆளுக்கொரு சுருட்டு, நடுவுல ஒரு தீப்பந்தம். விடியற வரைக்கும் எரியணும், ஆனா காலையில முழுசாத் திருப்பித் தரணும். இது எங்களோட இன்னொரு தமாசு, எப்படி முடியும் சொல்லு? அப்பன்காரன் அதுலதான் மாட்டினான். இவனுங்க சுருட்டு நுனியில மின்மினிப் பூச்சியை உக்கார வச்சு, தூரத்துலேருந்து பாத்தா எரியற மாதிரியே காட்டிட்டு, காலையில புத்தம் புதுசாக் கொண்டாந்து குடுத்தாங்க. நான் வாசல்லயே கல்லோட நிக்கிறேன். மேல ஒரு சிறுத்தைத் தோலை விரிச்சுட்டேன், கல்லுன்னே தெரியக்கூடாதுன்னு. "ராத்திரியெல்லாம் முழிச்சிருப்பீங்க, உக்காருங்க தம்பி." மூத்தவன் மூக்கைச் சுருக்கினான். "தோல் கருகுது பெரியவரே"ன்னான். திரும்பிப் பாத்தா புகையுது! நல்ல தோலு. அது போச்சு.

அடுத்து சிறுத்தை வீடு. பசியில இருக்குற சிறுத்தைங்க நடுவுல தள்ளினாங்க. பசங்க எலும்பை அள்ளிப் போட்டு, "இதைக் கடிங்க, நாங்க சதையில்லாதவங்க"ன்னு சொன்னாங்களாம். சிறுத்தை எலும்பைக் கடிச்ச சத்தத்தைக் கேட்டு வெளியில பெரியவங்க, "ஆச்சு, முடிஞ்சுது"ன்னு ஆடினாங்க. காலையில கதவைத் திறந்தா ரெண்டு பேரும் சிறுத்தைக்குக் காது சொறிஞ்சு விட்டுக்கிட்டு இருக்காங்க. அன்னிக்கு நான் கல்லோட வலது ஓரத்துல ஒரு குடுவை கொக்கோ வச்சுப் பாத்தேன், மிளகாய் போட்டு, நுரை கட்டி. உக்காந்தாத்தான் எட்டும். இளையவன் கையை நீட்டி எடுத்துக் குடிச்சான், நின்னுக்கிட்டே. "நல்லா இருக்கு, நீங்களே ஆத்தினதா?"ன்னு கேட்டான். நானேதான்னேன். பெருமையாத்தான் இருந்துச்சு, அதையும் சொல்லணும்ல. முதல் தடவையா ஒருத்தன் என் கொக்கோவை நல்லா இருக்குன்னு சொல்றான்.

அப்புறம் வௌவால் வீடு. அங்கதான் மூத்தவன் ஏமாந்தான். விடிஞ்சுதான்னு பாக்கத் தலையை நீட்டினான், வௌவால் தலையைக் கொத்திக்கிட்டுப் போயிடுச்சு. எங்க ஊருக்கே திருவிழா! தலையைக் கொண்டு போயி பந்தாட்டக் களத்து மேல தொங்கவிட்டாங்க. எல்லாரும் ஆடுறாங்க. எனக்கு மட்டும் வயிறு எரியுது. தலையில்லாதவனை உக்கார வச்சா எப்படிக் கத்துவான்? வாய் வேணும்ல? துள்ளினாலும் பாதித் துள்ளுதானே?

ஆனா காலையில ஆட்டத்துக்கு ரெண்டு பேருமே வர்றாங்க. மூத்தவன் கழுத்து மேல தலை இருக்கு. நான் ஓடிப்போயி, "தம்பி, முகம் ஒரு மாதிரி மஞ்சளா இருக்கே, கொஞ்சம் உக்காருப்பா"ன்னேன். பதில் சொல்லல. என்ன திமிருன்னு நினைச்சேன். ரெண்டு தடவை கூப்பிட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது. அது பூசணிக்காய்! இளையவன் ராவோட ராவா ஒரு பூசணிக்காயில கண்ணு, மூக்கு செதுக்கி வச்சிருக்கான். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னு சொல்லுவாங்க, இவன் கழுத்து மேல வச்சு மறைச்சான். பன்னெண்டு பெரியவங்களும் அதோட பந்தாடினாங்க, ஒருத்தரும் கண்டுக்கல. இளையவன் பந்தை ஓங்கி அடிச்சான், அது களத்தைத் தாண்டிப் புதருக்குள்ள போச்சு. அங்கேருந்து ஒரு முயல் எந்திரிச்சுத் துள்ளிக்கிட்டு ஓடுச்சு. அதைத்தான் பந்துன்னு நினைச்சு எல்லாரும் பின்னாடியே ஓடினாங்க. அந்த நேரத்துல தொங்குற தலையை இறக்கி அண்ணன் கழுத்துல வச்சுட்டு, அது இருந்த இடத்துல பூசணிக்காயை மாட்டிட்டான். முயலைத் துரத்தினவங்க வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தா, மூத்தவன் என்னைப் பாத்து, "இப்பக் கூப்பிடுங்க பெரியவரே, பதில் சொல்றேன்"ங்கிறான்.

சொல்லு தாயி, இப்படிப்பட்ட ஆளுங்களை எப்படி உக்கார வைக்கிறது?

கடைசியில பெரியவங்களுக்குத் தமாசும் அலுத்துப்போச்சு. பெரிய குழி வெட்டி, அதுக்குள்ள நெருப்பு வளத்து, "இதைத் தாண்டி விளையாடலாம் வாங்க"ன்னு கூப்பிட்டாங்க. தாண்டும்போது தள்ளிவிடுறதா ஏற்பாடு. பசங்க சிரிச்சாங்க. "எங்களை எதுக்குக் கஷ்டப்பட்டுத் தள்ளணும்?"னு சொல்லிட்டு, ஒருத்தன் கையை ஒருத்தன் பிடிச்சுக்கிட்டு அவங்களாவே குதிச்சுட்டாங்க. நான் கத்தினேன்மா. "அடேய், உக்காராமப் போறீங்களேடா!"ன்னு கத்தினேன். மத்தவங்க எல்லாம் குதூகலத்துல கத்துறாங்க, என் சத்தம் யார் காதுல விழப்போகுது?

எலும்பை மாவாட்டம் அரைச்சு ஆத்துல கரைச்சாங்க. நான் அன்னிக்குக் கல்லுக்குப் பக்கத்துல நின்னு அழுதேன். என் நிலைமையை நினைச்சுத்தான் அழுதேன்னு வச்சுக்க. கொக்கோக் குடுவையை மட்டும் கழுவாம, மிச்சத்தோட அப்படியே வச்சிருந்தேன்.

ஒண்ணாஞ்சாவுக்கு மறதியே கிடையாது. "உக்காரல இல்ல? சரி. அஞ்சு நாள் கொண்டாட்டம். ஆறாம் நாள் நீ உக்கார்றே. நல்லாக் காய்ச்சி வை"ன்னார்.

காய்ச்சி வைன்னா காய்ச்சணும்ல. வழக்கம்னு ஒண்ணு இருக்கே. ஆறாம் நாள் காலையில நானே விறகு வெட்டி, நானே அடுக்கி, என்னை வேகவைக்க நானே தீ மூட்டினேன். எச்சில் தொட்டுப் பாத்தேன். ரெண்டு உஸ்ஸு வந்துச்சு. விட்டிருக்கலாம். மனசு கேக்கல, தொழில் சுத்தம் வேணுமேன்னு இன்னும் ரெண்டு கட்டை போட்டேன். இப்படியும் ஒரு பைத்தியம் உண்டா!

அந்த நேரத்துலதான் ரெண்டு பரதேசிங்க வந்தாங்க. கிழிஞ்ச துணி, முகத்தை மறைச்சுக் கட்டின தலைத்துணி. கூத்தாடிங்க. அவங்க கிட்டயும் நான், "உக்காருங்கப்பா"ன்னேன், வாய்ப் பழக்கம். "எங்களுக்கு நின்னு ஆடித்தான் பழக்கம் பெரியவரே"ன்னான் ஒருத்தன். அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும். உறைக்கல. இந்தக் கூத்தாடிங்களைப் பாத்துட்டுப் பெரியவங்க என்னை மறந்தாங்களே, அதுவே போதும்னு கும்பிட்டேன்.

என்ன வித்தை தெரியுமா! ஒண்ணாஞ்சாவோட நாயை வெட்டினாங்க. எந்திரின்னாங்க, எந்திரிச்சு வாலாட்டுச்சு. வீட்டைக் கொளுத்தினாங்க, உள்ள இருந்தவங்களுக்கு ஒரு மயிர் கருகல, திரும்ப வீடு முழுசா நிக்குது. கடைசியா ஒருத்தன் இன்னொருத்தனையே வெட்டிப் போட்டான். கூட்டம் மூச்சு விடல. "எந்திரி"ன்னான். எந்திரிச்சு ஆடினான்!

எங்க ஊரு ஆளுங்களுக்கு ஒரு குணம் தாயி. எந்த வேடிக்கையிலயும் தான் பின்தங்கிடக் கூடாது. அதுவும் பெரியவங்க. ஒண்ணாஞ்சாவு ஆசனத்துலேருந்து இறங்கிட்டார். "எனக்கு! எனக்குச் செய்யி! நாய்க்குச் செஞ்சே, எனக்குச் செய்ய மாட்டியா?"ங்கிறார். ஏழாஞ்சாவு பின்னாடியே, "அவருக்கு அடுத்து நான்!" மத்த பத்துப் பேரும் முண்டியடிச்சுக்கிட்டு வரிசையில நிக்கிறாங்க. கூத்தாடி கூடக் கேட்டான், "ஐயா, உங்களுக்கேவா? நீங்கதானே சாவு, உங்களுக்கு எதுக்கு?"ன்னு. "பேசாதே, வெட்டு"ன்னார் ஒண்ணாஞ்சாவு. நானும் வரிசையில போயி நின்னேன், கடைசியா. பதிமூணாவது ஆளு. நின்னவனுக்குப் பின்னாடி புகை அடங்குற வாசம் வந்துச்சு. ஐயோ, கல்லு ஆறிடப் போவுதேன்னு விறகு எடுக்க ஓடினேன்.

விறகோட திரும்பி வர்றேன். ஒண்ணாஞ்சாவு கிடக்குறார். ஏழாஞ்சாவு கிடக்குறார். யாரும் "எந்திரி"ன்னு சொல்லல. கூட்டம் காத்துக்கிட்டே இருக்கு. கூத்தாடிங்க கத்தியைத் துடைச்சுக் கீழ வச்சாங்க. "எழுப்புங்கப்பா"ன்னேன் நான். "வெட்டினா எழுப்பணும், அதானே ஒப்பந்தம்?" அந்த ரெண்டு பேரும் தலைத்துணியை அவுத்தாங்க.

மூத்தவன். இளையவன்.

விறகு என் கையிலேருந்து விழுந்துடுச்சு. சந்தோசமா, பயமான்னு கேக்காதே. ரெண்டும்தான். ஆத்துல கரைச்ச எலும்பு மாவு அடியில சேந்து, திரும்ப ரெண்டு பசங்களா எந்திரிச்சு வந்திருக்கு. மூத்தவன் கூட்டத்தைப் பாத்து, "நாங்க உங்க பேரையெல்லாம் சொன்னோம், இப்ப எங்க அப்பன் பேரைச் சொல்றோம், கேளுங்க"ன்னு சொன்னான். பத்துப் பேரும் மண்ணுல விழுந்துட்டாங்க. பசங்க தீர்ப்புச் சொன்னாங்க, இனிமே எங்களுக்குப் பந்தாட்டம் கிடையாது. மேலேருந்து ரத்தக் காணிக்கை கிடையாது, ரத்தம் மாதிரி சிவப்பா ஒரு மரப்பால் வரும் பாரு, அதுதான். அப்புறம் உடைஞ்ச பானை, ஓட்டுச் சில்லு. உன் விரல் நகத்துல மண்ணு இருக்கே, நீ பானை வனையறவளா? அப்ப உன் கைப்பானை கூட இங்க எங்கயாவது உடைஞ்சு கிடக்கும், தேடிப் பாக்கலாம். கெடுவான் கேடு நினைப்பான்னு சொல்லுவாங்க, ஆனா கெட்டது நாங்கதான், அவனுங்க நல்லாத்தான் இருக்கானுங்க. அது எப்படின்னு எனக்கு இன்னும் விளங்கல.

எல்லாரும் ஓடிட்டாங்க. நான் எங்க ஓடுறது? கல்லு இங்க இருக்கே. வந்து கல்லுக்குப் பக்கத்துல நின்னேன். தீ அணைஞ்சு சாம்பலாயிடுச்சு.

கொஞ்ச நேரத்துல ரெண்டு பேரும் வந்தாங்க. கிட்டத்துல பாத்தா சின்னப் பசங்கம்மா. மீசை கூட முழுசா வரல. கண்ணெல்லாம் உள்ள போயி, அப்படி ஒரு களைப்பு. எனக்கு வேற என்ன தெரியும்? "உக்காருங்க தம்பி"ன்னேன். சத்தியமாச் சொல்றேன், அந்த ஒரு தடவைதான் அந்த வார்த்தையை அந்த வார்த்தைக்காகவே சொன்னேன்.

இளையவன் கல்லைப் பாத்தான். "எங்க அப்பா இதுலதான் உக்காந்தாரா?"

"ஆமா."

"எந்தப் பக்கம்?"

காட்டினேன். இடது ஓரம்.

"ரொம்பச் சுட்டுதா அவருக்கு?"

அம்மா, கல்லுல உக்காந்தவங்க துள்ளுற துள்ளலை எத்தனையோ தடவை நான் நடிச்சுக் காட்டியிருக்கேன். சபையில கேட்டுக் கேட்டுச் சிரிப்பாங்க. அன்னிக்கு நடிச்சுக் காட்ட மனசு வரல. "சுட்டுது"ன்னேன். "நான்தான் காய்ச்சினேன். அவர் கத்தல. எங்களைப் பாத்துக்கிட்டு நின்னார்"னேன்.

அவன் கையால அந்த ஓரத்தைத் தடவிப் பாத்தான். அப்புறம் அங்க உக்காந்தான். மூத்தவன் வந்து நடுவுல உக்காந்தான். உக்காந்துட்டாங்க! ஒண்ணாஞ்சாவு சொன்ன வேலையை நான் முடிச்சுட்டேன். என்ன, கல்லு ஆறிப்போச்சு. ஒண்ணாஞ்சாவும் ஆறிப்போயிட்டார். இதை ஜெயிச்சதுன்னு சொல்றதா தோத்ததுன்னு சொல்றதா, நீயே சொல்லு.

"முதல் நாளே எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"ன்னு கேட்டேன். அது என்னை அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. இளையவன் சொன்னான், "நீங்க வயசானவர். கால் கடுக்க நிக்கிறீங்க, முட்டி நடுங்குது. பக்கத்துலயே இவ்வளவு நல்ல பெஞ்சு காலியாக் கிடக்கு. நீங்க ஏன் உக்காரலேன்னு நினைச்சேன், அவ்வளவுதான்." எத்தனை காலம் அந்தச் சபையில நின்னிருக்கேன்! என் முட்டி நடுங்குறதை ஒருத்தன் பாத்தான்.

அப்புறம், "உங்களைக் கொசு கடிக்கல, அதனால உங்க பேரு எங்களுக்குத் தெரியாது. என்ன பேரு?"ன்னு கேட்டான்.

சொன்னேன். அக்கபால். விடியற நேரம்னு அர்த்தம். எங்க அம்மா வச்ச பேரு. இருட்டு ஊர்ல விடியல்னு பேரு வச்சா சிரிக்க மாட்டாங்களா? அதான் வெளியில சொல்றதில்ல. அவங்க சிரிக்கல. "அக்கபால் ஐயா, வணக்கம்"னு ரெண்டு பேரும் சொன்னாங்க, பெரியவங்களுக்குச் சொன்ன மாதிரியே. "நீங்களும் உக்காருங்க"ன்னு நகந்து இடம் விட்டாங்க. உக்காந்தேன். சில்லுன்னு இருந்துச்சு. உக்கார்றது இவ்வளவு சுகம்னு தெரியாமலே இருந்திருக்கேன் பாரு. மூணு பேரும் ஆறிப்போன கொக்கோவைக் குடிச்சோம்.

அப்புறம் போயிட்டாங்க. நீ வந்தியே, அதே படி. ஏறினாங்க, ஏறிக்கிட்டே போனாங்க, பூமி வந்ததும் நிக்கல. அதுக்கும் மேல போனாங்க. மூத்தவன் சூரியனாயிட்டான்ங்கிறாங்க, இளையவன் நிலா. மேல இருக்குற உங்களுக்குத்தான் தெரியும்.

நான் வழக்கத்தை விடலே தாயி, அதை மட்டும் யாரும் குத்தம் சொல்ல முடியாது. இன்னிக்கும் வர்றவங்க எல்லாரையும் "உக்காருங்க"ன்னுதான் சொல்றேன். தீதான் மூட்டுறதில்ல. விறகு தட்டுப்பாடு, வேற ஒண்ணுமில்ல. ஆனா கல்லு காயாம இருக்குறதில்ல. உச்சிப்பொழுதுல படி வழியா ஒரு வெயில் இறங்கி வரும். நேரா வந்து அந்த இடது ஓரத்துல விழும், நாள் தவறாம. ஒருத்தன் வந்து உக்காந்து எந்திரிச்சுப் போன மாதிரி, அந்த இடம் சாயங்காலம் வரைக்கும் வெதுவெதுன்னு இருக்கும்.

இன்னும் நின்னுக்கிட்டே இருக்கியே. நம்பிக்கை வரலையா? நியாயம்தான், நானா இருந்தாலும் நம்ப மாட்டேன். சரி, பாரு, முதல்ல நான் உக்கார்றேன். உக்காந்துட்டேனா? துள்ளினேனா? வா. அந்த ஓரம் வேணாம், அங்க வெயில் வர்ற நேரம். இங்க, என் பக்கத்துல உக்காரு.